ஹமீதின் செல்லும் என் வயிற்றெரிச்சலும்

1. ஒரு கோடு மேலே

ஹமீதின் செல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அறுபதுகளில், சிங்கப்பூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் டெக்னீஷியன்கள். பொட்டாஷ் கரைசலின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் விட்டு மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்தான் வேலை. காற்றுப் பக்கத்து எலெக்ட்ரோடை ஆளுக்கொரு விதமாகச் செய்திருந்தோம். யாருடையது வோல்டேஜ் குறையாமல் நீடித்து ஓடுகிறதோ அவருக்கு இங்கிலாந்தில் பயிற்சி. இடம் ஒன்றுதான்.

நான் சீனியர். அவன் நேற்று வந்தவன். சட்டையில் பொட்டாஷ் தெறித்து அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் வேலை பார்ப்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது. மீட்டரில் அவனுடைய முள் என்னுடையதைவிட எப்போதும் ஒரு கோடு மேலே நிற்கும். தேக்கா சந்தையில் பரோட்டா சாப்பிடும்போதும் அந்த முள்தான் கண்ணில் நிற்கும்.

2. பினாங்கு கல்யாணம்

"தங்கச்சி கல்யாணம், பினாங்கு போறேன். என் செல்லையும் கொஞ்சம் பார்த்துக்குங்க லா அண்ணே. உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றான்.

"போயிட்டு வா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் போன சில நாளில் அந்த முள் இறங்கத் தொடங்கியது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். திறந்து பார்த்தேன். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் சோடா லைம் தீர்ந்துபோய், எலெக்ட்ரோடின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எலெக்ட்ரோடில் குறையில்லை, துளைகள்தான் அடைத்திருந்தன. அப்படியே விட்டிருந்தால் செத்திருக்கும்.

ஆனால் ஆள் இல்லாதபோது செத்தால் நான் ஜெயித்ததாக யார் ஒத்துக்கொள்வார்கள்? அது தானாகத் தோற்க வேண்டும், அவன் கண்ணெதிரே தோற்க வேண்டும். அந்த ஆசையில் சோடா லைமை மாற்றி, எலெக்ட்ரோடை வெந்நீரில் அலசி, புதுக் கரைசல் ஊற்றினேன். முள் பழைய இடத்துக்கே ஏறியது. சனியன்.

3. தீர்ப்பு

ஹமீது திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். போட்டிக்கு வைத்த கெடு முடிந்த அன்றும் இரண்டு செல்லும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கோடெல்லாம் ஒரு வித்தியாசமா, சீனியருக்குத்தான் இங்கிலாந்து என்று நம்பி டாக்டர் சிவத்தின் அறைக்குள் போனேன். அவர்தான் எங்கள் தலைவர்.

"முத்தையா, ஹமீது எல்லாத்தையும் சொல்லிட்டான். அவன் செல்லையும் காப்பாத்தினது நீதானாமே?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அதனாலதான் சொல்றேன், அவன் போகட்டும். நீ போயிட்டா இதுங்கள யாரு பார்க்கிறது?"

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒழுங்காக ஓடுவதை யாரும் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஹமீது பாய லேபார் ஏர்போர்ட்டில் விமானம் ஏறிய நேரத்தில் நான் இரண்டு செல்லுக்கும் கரைசல் மாற்றிக்கொண்டிருந்தேன். அவனுடைய முள் அப்போதும் ஒரு கோடு மேலேதான் நின்றது.