நோலீனின் வலது கை

கழுத்தில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. அதை எடுக்கப்போன டாக்டர் பெக் பக்கத்திலிருந்த நரம்பையும் சேர்த்து வெட்டிவிட்டார். அன்றிலிருந்து நோலீனின் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சவுத்லாந்து மாவட்டத்து ஆட்டுக் கொட்டகைகளில் கத்தரித்த ரோமத்தை அள்ளி, மேசைமேல் ஒரே வீச்சில் விரிப்பதுதான் அவள் பிழைப்பு. கை உயராவிட்டால் எதை வீசுவது?

நியூசிலாந்தில் இதற்கு வழக்குப் போட முடியாது. யார் தப்பென்று யாரும் கேட்பதும் இல்லை. வைத்தியத்தில் அடிபட்டவருக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு அரசாங்கத்திலிருந்து வாராவாரம் வந்துவிடும். அதற்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதே பெக்தான். நல்ல ஏற்பாடு, யார் இல்லையென்றது? கோபத்தை எந்த வாசலில் கொண்டுபோய் இறக்குவது என்பதற்குத்தான் அதில் வழியில்லை. நோலீன் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அலைந்தாள். கெட்டிலைப் போடுவாள்; டீ ஊற்ற மறந்து தோட்டத்துக்குப் போய்விடுவாள். கடையில் அவளைக் கண்டால் பெக் ரொட்டி அலமாரிப் பக்கம் ஒதுங்கினார்.

"அதான் பணம் வருதுல்ல. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்றார் கணவர் கொலின்.

"நான்தான் வெட்டினேன்னு அந்த மனுசன் வாயால ஒரு வார்த்தை. அது வரல."

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பெக்கின் கிளினிக்குக்குக் கிளம்பினாள். கேட்கவேண்டியதையெல்லாம் காரிலேயே உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் பெக் எழுந்து நின்றார். அவள் வாயைத் திறக்கவே விடவில்லை.

"நான்தான் வெட்டினேன், நோலீன். அவசரப்பட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல டாக்டர், விடுங்க" என்றாள் நோலீன்.

அந்த ஊரில் காலை மிதித்தவனிடமும், வேலியை இடித்தவனிடமும் சொல்கிற வார்த்தை. யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிடும். பெக் பெருமூச்சு விட்டார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபடியே அவள் வெளியே வந்தாள்.

காரில் போய் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் சுமந்ததை இரண்டு வார்த்தையில் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்ப உள்ளே போனாள்.

"டாக்டர், பரவாயில்லன்னு சொன்னது பொய். ராத்திரி புரண்டு படுக்க முடியல. தலை வாரிக்க முடியல. நீங்க கேட்ட மன்னிப்பை வாங்கிக்கறேன். ஆனா பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்."

பெக் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். நோலீன் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.