வலது முழங்காலின் விலை

ஐஸ் தளத்தில் வேலை செய்கிறவனிடம் யாரும் ஐஸைப் பற்றிக் கேட்பதில்லை. மற்ற ஆட்களைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஓர் ஐஸ் ஹாக்கி மண்டபத்தில் எனக்கு வேலை. பொழுதுபட வந்து, சனம் சறுக்கிக் கிழித்த தளத்தை வண்டி ஓட்டி மெழுகி, சுடுதண்ணீர் விட்டு உறைய வைத்து, விடிந்த பிறகு வீட்டுக்குப் போவேன். சறுக்குச் சப்பாத்தின் அடி இரும்பைத் தீட்டிக் கொடுக்கும் கவுண்டரும் என்னுடையதுதான். இந்த விளையாட்டை நான் முதன்முதல் பார்த்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தீட்டுவதை வீடியோ பார்த்துப் பழகினேன். சட்டதிட்டங்களை நூலகப் புத்தகங்களில் படித்தேன். பகலில் நித்திரை வராதவனுக்கு எதையாவது பழகிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. உங்களில் இரவு வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திரைச்சீலையை எவ்வளவுதான் இழுத்து மூடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டத் தொடங்கும் நேரம் நமக்குத் தெரிந்துவிடும். தீட்டும் மிசின் மட்டும் எனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்தது. போட்டால் கவுண்டரே நடுங்கும். அடுத்த வருடம் புதியது என்று வருடா வருடம் சொல்வார்கள்.

போன குளிர்காலம் முழுவதும் அந்தக் கவுண்டருக்கு வந்த கேள்விகள் ஒரே ஒருவனின் வலது முழங்காலைப் பற்றியவை. நிரூபன் அவன் பெயர். எல்லாருக்கும் நிரு. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். அவன் பிறந்து வளர்ந்தது ரொறொன்ரோவில். எங்கள் கிளப் அந்த சீசனுக்கென்று அவனைக் கனடாவிலிருந்து கூப்பிட்டிருந்தது. விசா, தங்க ஓர் அறை, பகலில் ஒரு சின்ன வேலை, எல்லாம் கிளப்பின் கையில். முதல் மூன்று ஆட்டத்திலும் எங்கள் கோல்களில் பாதி அவனுடையவை. நாலாவது ஆட்டத்தில் பக்கச் சுவரோடு மோதி முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆள் எழும்பி நடந்தான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள்.

டயர் இல்லாத கார்

எங்கள் போட்டியில் கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். காசு கைமாறாது, ஆளுக்கு ஆள். முழங்கால் அடிபடுவதற்கு முன் சிட்னி கிளப் ஒன்று நிருவைக் கேட்டது. பதிலுக்குக் கோல் காக்கும் ஒரு கோலியும் ஒரு பின்காப்பு ஆட்டக்காரனும் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் பெருமையோடு மறுத்துவிட்டோம். இப்போது அதே சிட்னிக்கு எங்கள் செயலாளர் டொனா ஒவ்வொரு நாளும் தானாகவே போன் எடுத்தாள்.

ஹீற்றர் என் கவுண்டரடியில்தான் இருக்கிறது. ஆகவே கமிட்டிக் கூட்டமும் அங்கேதான் நடக்கும். நிருவை வைத்திருந்தால் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடம் ஒன்று வீணாகக் கிடக்கும். சிட்னி எடுத்தால் பதிலுக்கு ஏதாவது கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் மாதக் கடைசியில் விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். இதெல்லாவற்றையும் அவர்கள் மாட்டுச் சந்தையில் நிற்பவர்கள் போல அமைதியாகப் பேசினார்கள். நான் ஒரு சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இப்ப அவன் என்ன விலை பெறுவான்?" என்று கேட்டேன். டொனா கைகளை ஹீற்றருக்கு நேரே பிடித்தபடி சொன்னாள்: "எஞ்சின் அருமை. ஒரு டயர் இல்லை. வாங்குகிறவன் எஞ்சின் சத்தத்தைக் கேட்கமாட்டான், டயரைத்தான் உதைத்துப் பார்ப்பான்."

மல்கிரேவ் அன்ரி

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபட்ட பிறகு பொதுச்சனம் சறுக்க வரும். மல்கிரேவில் இருக்கும் ஓர் அன்ரி பிள்ளைகள் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் தளத்தில் விழுந்தெழும்ப, அன்ரி கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"தம்பி, அந்தக் கனடாப் பெடியன் எந்தப் பக்கமாம்?"

"தாய் தகப்பன் மானிப்பாய், அன்ரி."

"குடி கிடி?"

"பாலும் கோப்பியும்தான்."

"எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் கேட்டுப் பாக்கச் சொன்னவை."

தெரிந்த ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியும். பார்மசி படித்த அவருடைய மூத்த மகள்தான். நம் ஆட்கள் இப்படித்தான் விசாரிப்பார்கள். வீட்டில் கேட்கமாட்டார்கள், கடையில் கேட்பார்கள், வேலையிடத்தில் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கப்படுகிறவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நல்லதைச் சொல்ல வேண்டும். மற்றதை விழுங்க வேண்டும். ஒரு கலியாணத்தைக் குழப்பிய பாவம் யாருக்கு வேண்டும்? நான் நல்லதை எல்லாம் சொன்னேன். முழங்காலைப் பற்றி மட்டும் அவரே கேட்டார். கொஞ்சம் அடிபட்டது, ஆறி வருகிறது என்றேன். அன்ரி சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது பரவாயில்லை தம்பி. மணவறையில இருக்கப் போறவர்தானே, ஓடவே போறார்?"

வானில் எழுதிய பெயர்

காலையில் நான் தளத்தை மெழுகி முடித்ததும் முதலாவதாக இறங்குகிறவன் நிரு. புது ஐஸில் யாரும் பார்க்காமல் மெல்லச் சுற்றுவான். இடப்பக்கம் திரும்பும்போது பழைய நிரு. வலப்பக்கம் திரும்பும் இடத்தில் காலை ஊன்ற மாட்டான். சின்னதாக இரண்டு அடி வைத்துச் சமாளிப்பான். நான் அந்த நேரத்தில் வண்டியின் தண்ணீரை வடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

திரும்பிப் போவதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். தகப்பன் அங்கே சொந்த வான் ஓட்டி வேலைக்குப் போகும் பிளம்பர். மகன் இருபத்தாறு வயது வரை விளையாடட்டும், பிறகு தன்னோடு வேலைக்கு வர வேண்டும் என்று பேச்சு. இந்தச் சித்திரையோடு இருபத்தாறு முடிந்துவிட்டது. "டாட் வானில என்ர பேரையும் எழுதிட்டார், அங்கிள். அண்ட் சன் எண்டு. போட்டோ அனுப்பினவர்." வானில் ஏறினால் பிறகு இறங்க விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரு சீசன் எங்கேயாவது கிடைத்தால் அடுத்த முடிவைத் தானே எடுக்கலாம் என்று நினைத்தான். எங்கேயாவது என்றால் இப்போதைக்கு அந்தச் சிட்னி கிளப் மட்டும்தான். சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, தன் நிலவரத்தை அவனே சொன்னான்: "போன மாசம் நான் ஒரு கோலியும் ஒரு டிபென்ஸ்மனும். இந்த மாசம் ஒரு கோலி, அதுவும் பேக்அப். நெக்ஸ்ட் மன்த் ஸ்ரிக் ரேப் ரெண்டு ரோல்." ஸ்ரிக் ரேப் என்றால் ஹாக்கித் தடியில் சுற்றுகிற ஒட்டுப்பட்டி.

மார்கரெட்டின் இடுப்பு

எழுபது தாண்டிய மார்கரெட் புதன்கிழமை காலையில் தனியாக வந்து ஐஸில் நடனமாடிவிட்டுப் போவார். இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள். நிருவின் கதை அவருக்கும் எட்டியிருந்தது; இந்த மண்டபத்தில் ஐஸைத் தவிர எல்லாம் உருகி ஓடும். சப்பாத்தை வாங்கிக்கொண்டே அவர் சொன்னது: "அந்தப் பையனிடம் சொல். என் இடுப்பை எந்தக் கிளப்பும் கேட்பதில்லை. அதனால்தான் நான் இன்னும் சறுக்குகிறேன்."

லிட்கம்காரர்

மாதக் கடைசிக்கு முந்திய சனிக்கிழமை. சிட்னி கிளப் எங்களோடு விளையாட வந்திருந்தது. கூட்டம் வருமென்று என்னையும் மத்தியானமே கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அயர்ன் பண்ணிய சேர்ட், மேலே ஸ்வெற்றர், நெற்றியில் மெல்லிய விபூதி.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"சிட்னி, லிட்கம்மில இருந்து வந்தனாங்கள், மகளும் நானும். நிரூபன் எண்ட பெடியனைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாமெண்டு."

மகள் கண்ணாடித் தடுப்போரம் நின்றாள். நிரு ஓரமாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. சிட்னியில் இருந்து மகளையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றால் சும்மா விசாரிப்பில்லை. மல்கிரேவ் அன்ரி பிந்திவிட்டார் என்று மனதுக்குள் அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பழக்கவழக்கம் எப்படி? கோபக்காரனோ? முன்பு ஏதும் காயம் உண்டோ? இடம் மாறிச் சிட்னிக்கு வர விருப்பப்படுவானோ? மற்றவர்களோடு ஒத்துப் போவானோ? கால் திரும்பத் திரும்பத் தொல்லை தருமோ? ஒரு பெண்ணின் தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள்தான் எல்லாம். நானும் ஒரு குறை வைக்கவில்லை. "தங்கமான பெடியன். காலெல்லாம் நல்லா ஆறிட்டுது. இன்னும் பத்து வருசத்துக்கு ஒரு குறையும் வராது. நீங்கள் நம்பி எடுக்கலாம்," என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "பவர் பிளேயில இடப்பக்கம் நிப்பானோ, வலப்பக்கமோ?" என்று கேட்டார்.

எந்த மாமனாரும் கேட்காத கேள்வி அது. எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது எந்தப் பக்கம் ஆடுவான் என்று கேட்கிறார். என் கையில் இருந்த சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள்…" என்றேன்.

"நான் சிட்னி கிளப்பின்ர மனேச்சர்."

"அப்ப மகள்?"

"அவதான் எங்கட பிசியோ. அவ பாக்கிறது பெடியனை இல்லை, முழங்காலை."

நொண்டியபடி போனது

ஓடிப்போய் நிருவிடம் சொன்னேன். அவன் தளத்தை விட்டு ஏறி ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் சொன்ன பத்து வருடத்தையும் தங்கத்தையும் கேட்டுவிட்டு, "அங்கிள், வட் டிட் யூ டூ?" என்றான். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பேசாமல் இரு. அவை கையெழுத்து வைக்கட்டும்," என்றேன்.

"வச்ச பிறகு? முதல் பிராக்டிஸில தெரியும். அங்க இருந்து நேர ஏயார்போட்."

"சொன்னால் எடுக்கமாட்டினம்."

"மேபி."

இருந்து யோசித்தான். சிட்னிக்காரர் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நின்றார். தகப்பனின் வான் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டில் எது தன் பக்கம் வரப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு எழும்பினான். மற்ற நாட்களில் நொண்டலை மறைத்து நடப்பவன், அன்றைக்கு மறைக்காமல் நொண்டியபடி அவர்களிடம் போனான். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. அந்தப் பிள்ளை அவனை வாங்கில் இருத்தி, முழங்காலை மடக்கி, நீட்டி, பக்கத்துக்குத் திருப்பினாள். அவன் முகம் சுளித்தான். அவளுடைய தகப்பன் கை கட்டியபடி பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து நிரு சொன்னது இவ்வளவுதான்: "திஸ் சீசன் ஏலாது, நெக்ஸ்ட் சீசனுக்கு யோசியுங்கோ எண்டு சொல்லிட்டன். அந்த அக்கா சொன்னவ, நான் பேசினதைவிட நடந்து வந்தது விளக்கமா இருந்ததாம்."

பதிலுக்கு என்ன

அடுத்த கிழமை டொனா முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். சிட்னி நிருவை எடுத்துக்கொள்கிறது. இந்த சீசன் ஆடமாட்டான். அந்தப் பிசியோவிடம் காலைத் தேற்றிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குவான். அடுத்த சீசன் ஆட்டம். விசாவை அவர்கள் பொறுப்பெடுக்கிறார்கள். ஆனால் நொண்டிக் குதிரைக்கு ஆள் தரமாட்டார்களாம். கோலி கேட்டாள், சிரித்தார்களாம். பயிற்சி உடுப்புக் கேட்டாள், அதற்கும் சிரித்தார்களாம். கடைசியில், புதியது வாங்கியதால் சும்மா கிடக்கும் தங்கள் சப்பாத்துத் தீட்டும் மிசினைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஒவ்வொரு வருடமும் கேட்டாயே, வருகிறது," என்றாள் என்னைப் பார்த்து.

மிசினைப் பாவிக்கப் போகிறவன் நான். ஆகவே மனேச்சருக்கு நானே போன் எடுத்தேன். சனிக்கிழமை நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

"தம்பி, நீங்கள் புளுகின புளுகுக்கு நான் வேண்டாமெண்டு விடத்தான் இருந்தனான்," என்றார். "குறை இல்லாத பெடியனை ஆரும் அவ்வளவு புகழ மாட்டினம். நல்ல வேளை, தானே வந்து சொன்னான்."

பேச்சை மாற்ற, மிசின் எப்படி என்று விசாரித்தேன். அவர் யோசிக்கவேயில்லை.

"தங்கமான மிசின். இன்னும் பத்து வருசத்துக்கு ஒரு குறையும் வராது. நம்பி எடுக்கலாம்."

கைமாறிய நாள்

மிசினைக் கொண்டுவந்த வானிலேயே நிருவும் போவதாக ஏற்பாடு. மல்கிரேவ் அன்ரி அதற்கு முந்திய ஞாயிறே செய்தி கேட்டு வந்துவிட்டார். நிருவைச் சிட்னிக்கு அனுப்பியது நான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு; பிள்ளைகளை ஐஸில் இறக்காமலே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வான் வந்த காலை, டிரைவரும் நானும் மிசினை இறக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிரு தானும் பிடிக்கிறேன் என்று வந்தான். முழங்காலைக் காட்டி நான் தடுத்தேன். ஒரு தோளில் பையும் ஒரு கையில் ஹாக்கித் தடியுமாக ஓரத்தில் நின்று, தனக்குப் பதிலாக வந்ததை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். அன்று காலை அவன் தளத்தில் இறங்கவில்லை. நான் மெழுகிய ஐஸ் கீறல் இல்லாமல் அப்படியே கிடந்தது. வான் வெளிக்கிடுமுன் கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "அங்கிள், ஸ்ரிக் ரேப்பைவிடக் கொஞ்சம் கூடின விலைக்குத்தான் போயிருக்கிறன்."

முழங்கால் சிட்னியில் நன்றாகத் தேறி வருகிறதாம். பதிலுக்கு எனக்கு வந்த மிசின்தான் எந்தச் சப்பாத்தை வைத்தாலும் வலப்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தீட்டுகிறது.