பன்னிரண்டு ஹபாயாவும் ஒரு பெருவிரலும்

அஸ்பியாட கல்யாணம் நின்டு போனதுக்கு ஊர் மூணு பேரைக் குத்தம் சொல்லுது. படம் எடுத்த பாண்டிருப்புத் துஷாந்தினி ஒரு ஆள், தங்கச்சியைப் படம் எடுக்க நிப்பாட்டின ராத்தாக்காரி பஸ்மினா ஒரு ஆள், படத்தை வெளிய போட்ட கொழும்புக் கடைக்காரன் ஒரு ஆள். மூணும் பிழை. சரியான ஆளை எனக்குத் தெரியும். இண்டைக்கு வரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப சொல்றன், குறுக்கால கேள்வி கேக்காமக் கேளுங்க.

பஸ்மினா மருதமுனையில எனக்கு அடுத்த வளவு. சுனாமிக் கடல் வந்த அண்டு அவள்ட உம்மாவும் வாப்பாவும் ஒரே காலையில மௌத்து. அவளுக்கு அப்ப பதினாறு வயசு, அஸ்பியாவுக்கு நாலு. முகாமில குடுத்த தையல் மெஷின்ல பழகித்தான் தங்கச்சியை வளத்தாள். பொறகு வீட்டுத்திட்டத்தில ஒரு வீடு கிடைச்சிது. எங்கட பக்கம் பொண்ணுக்கு வீடு குடுத்தாத்தான் கல்யாணம். பஸ்மினாவைக் கேட்டு வந்த ரெண்டு பேரும் வீட்டைச் சுத்திப் பாத்திட்டு ஓம் என்டாங்க. இருக்கிற ஒரு வீட்டையும் நான் எடுத்தா தங்கச்சிக்கு என்ன இரிக்கி என்டு சொல்லி ரெண்டு பேரையும் அனுப்பிட்டாள். விசரி. எனக்கு அண்டைக்கும் கோவம், இண்டைக்கும் கோவம். முப்பத்தாறு வயசிலேயே மெஷினுக்கு முன்னால குந்திக் குந்தி முதுகு வளைஞ்சி போச்சி.

போன வருசம் அஸ்பியாவுக்கு இஹ்ஸானைப் பேசி முடிச்சம். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற பொடியன், தலை குனிஞ்சி நடக்கிறவன். அந்தப் பேச்சு முடிஞ்ச நாளில இருந்து அஸ்பியா மெஷின்ல இருந்துக்கிட்டே மெதுவாப் பாடுவாள். வேலிக்கு இங்கால எனக்குக் கேக்கும். மாப்பிள்ளைட உம்மா றாஹிலா ரெண்டு விசயம் கேட்டா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி வீட்டோட இன்னும் ரெண்டு அறை கூட்டிக் கட்டணும். அடுத்தது, கல்யாணத்தில போட்டோ, வீடியோ ஒண்டும் கூடாது. றாஹிலாட வீட்டுச் சுவரில கலண்டரிலகூட ஆள் படம் கிடையாது. நாங்க ரெண்டுக்கும் ஓம் என்டம்.

அறைக்கு வழி என்ன என்டு பஸ்மினா தலையைப் புடிச்சிக்கிட்டு இருக்கக்குள்ளதான் கொழும்புக் கடைக்காரன் கதைச்சான். பஸ்மினாட ஹபாயாவில, நாங்க உடுப்புக்கு மேல போடுற கறுப்பு அங்கியில, கைவேலைதான் விசேஷம். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் நூலாலயும் சின்னக் கல்லாலயும் கொடி கொடியா இறக்குவாள். பன்னிரண்டு மாதிரி தைச்சி, நல்ல படம் எடுத்து நோன்புக்கு முந்தி அனுப்பினா, பெருநாள் ஓடர் முழுக்க உங்களுக்குத்தான் என்டான். இவள் பொம்மையில போட்டு ஃபோனால எடுத்து அனுப்பினாள். பொம்மை வேணாம், கை நீட்டின மாதிரி ஆளில போட்டு ஸ்டூடியோவில எடுங்க என்டு திருப்பி அனுப்பிட்டான்.

ஆளுக்கு எங்க போற? நான் போட்டா கல்யாணப் பந்தல் நடந்து வாற மாதிரி இரிக்கும். பஸ்மினா கட்டை. அக்கம் பக்கத்துக் குமர்ப் புள்ளைகளைக் கேக்கவே ஏலா. உயரமும் ஒல்லியுமா அளவெடுத்த மாதிரி இருந்தவள் அஸ்பியா மட்டும்தான். பஸ்மினாவுக்குப் பயம், றாஹிலா அறிஞ்சா என்ன நடக்கும் என்டு.

"முகம் தெரியாட்டி அது ஆரென்டு ஆருக்குத் தெரியும் புள்ள? நாடிக்குக் கீழ எடுக்கச் சொல்லு" என்டு சொன்னது நான். அந்தப் பேச்சும் என்ட வாயாலதான் வந்திச்சி.

பொறகு ஸ்டூடியோ தேடினம். நானும் பஸ்மினாவும் ஒரு கிழமையா ஓட்டோவில அலைஞ்சம். கல்முனை பஸாருக்குள்ள மாடியில ஒண்டு. சுவர் முழுக்க நீர்வீழ்ச்சியும் பனிமலையும். இந்த வெக்கையில கறுப்பு ஹபாயாவோட பனிமலையில நிண்டு என்ன செய்ற என்டு கேட்டன். அவர் சிரிச்சிட்டு, அதெல்லாம் மாத்தலாம், லைட் புடிக்க ரெண்டு பொடியன்மார் வருவாங்க என்டார். பொடியன்மார் என்ட சொல்லுக்கே பஸ்மினா செருப்பைத் தேடிட்டாள். அடுத்தது மெயின் ரோட்டில, குளிரூட்டியெல்லாம் போட்ட இடம். அங்க படம் எடுக்கிறது பொம்புளைதான். ஆனா எடுக்க எடுக்க படம் பக்கத்து அறைக் கம்பியூட்டரில விழுகுது, அதுக்கு முன்னால அவட புருசன் குந்திக்கிட்டு இரிக்கார். எடுக்கிறது பொம்புளை, பாக்கிறது ஆம்புளை, நல்ல ஏற்பாடு என்டு சொல்லிட்டு நான் இறங்கிட்டன்.

மூணாவதுதான் துஷாந்தினி. பாண்டிருப்பில அவட வீட்டுக்குப் பின்னால தனியா ஒரு மண்டபம். சாமத்திய வீட்டுப் படம், பிறந்தநாள் படம் எடுக்கிறவ. எடுக்கிறதும் அவதான், திருத்துறதும் அவதான். உடுப்பு மாத்துற அறைக்கு உள்பக்கம் கொண்டி இருந்திச்சி. பஸ்மினா கொண்டியை நாலு தரம் போட்டுக் கழட்டிப் பாத்தாள். மூலையில திருட்டுக்கு வெச்ச கமரா ஒண்டு இருந்திச்சி. அதையும் கேட்டாள். துஷாந்தினி ஏணியை வெச்சி ஏறி அதில துவாய் ஒண்டைக் கட்டி விட்டா. அப்பவே எனக்கு அந்தப் புள்ளையைப் புடிச்சிட்டு.

பஸ்மினா வெட்டுத்தாளுக்குப் பின்னால எழுதிக்கொண்டு போன எல்லாத்தையும் வாசிச்சாள். அண்டைக்கு வளவுக்குள்ள ஒரு ஆம்புளையும் வரக்கூடாது. எல்லாரும் ஃபோனை வாசல்ல பேசினுக்குள்ள போடணும். முகம் விழுந்த படம் இருந்தா நாங்க வெளிக்கிட முந்தி கண் முன்னால அழிக்கணும்.

"அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி. நான் ஒண்டு சொல்லட்டா? அரை நாள் காணாது, முழு நாளுக்கு எடுங்க" என்டா துஷாந்தினி. "வெள்ளைக்கு முன்னால கறுப்பை நிப்பாட்டினா மடிப்பு ஒண்டும் விழாது, கறுப்பா ஒரு ஓட்டை மாதிரித்தான் தெரியும். நான் சந்தன நிறத்தில துணி கட்டி, வெளிச்சத்தை ரெண்டு பக்கத்தாலயும் குடுக்கிறன். அப்பதான் உங்கட கைவேலை எழும்பி நிக்கும்."

அவட தொழில் அவவுக்குத் தெரிஞ்சிருந்திச்சி. ஒரு புதன்கிழமை முழு நாளும் எடுத்தம். துஷாந்தினி தன்ட புருசனைக் காலையிலேயே அனுப்பிட்டு கேட்டைப் பூட்டித் திறப்பை என்ட கையில தந்தா. நான் மண்டப வாசலில கதிரை போட்டுக் காவல். ஹபாயா ஒவ்வொண்டையும் பஸ்மினா அங்கேயே அயன் பண்ணி, பின்பக்கத்தில உடுப்புக் கிளிப்பால இழுத்துப் புடிச்சி விடுவாள். முன்னால பாத்தா தைச்சி வெச்ச மாதிரி நிக்கும்.

முதல் படம் வெளிச்சம் பாக்க எடுத்தது. அதில முகமும் விழுந்திட்டு. அஸ்பியா என்னத்துக்கோ சிரிச்சிக்கிட்டு நிண்டாள். பஸ்மினா அதைக் கொஞ்ச நேரம் பாத்தாள். பொறகு, அழிங்க என்டாள்.

அஸ்பியாட வலது மணிக்கட்டில அயன் சுட்ட தழும்பு ஒண்டு இரிக்கி. அதைக் கம்பியூட்டரில எடுத்து விடச் சொன்னம், துஷாந்தினி எடுத்து விட்டா. அஸ்பியாவுக்கு ஒரு பழக்கமும் இரிக்கி. நாலு விரலுக்குள்ள பெருவிரலை மடிச்சிப் பொத்தி வெச்சிக்கிட்டுத்தான் நிப்பாள், நடப்பாள். முகாமில இருந்த காலத்தில இருந்து அப்படித்தான்.

"தங்கச்சி, பெருவிரலை வெளிய விடுங்க" என்டு துஷாந்தினி சொல்லிச் சொல்லிக் களைச்சிப் போனா. விடுவாள், கொஞ்ச நேரத்தில அது தானா உள்ளுக்குப் போயிரும். ஒம்பதாவது ஹபாயா, கடும்பச்சைக் கொடி போட்டது, அதில விரல் உள்ளுக்குப் போனதை ஒருத்தரும் பாக்கல்ல. எல்லாரும் கைவேலையைத்தான் பாத்தம். கொழும்புக்காரன் அந்தப் படத்தைத்தான் முன்னுக்குப் போட்டான்.

இதில ஒரு விசயம் சொல்லணும். எங்கட ஊரில முகம் மூடிப் போறவளை முகத்தாலயா கண்டுபுடிக்கிற? நடையால கண்டுபுடிக்கிற, செருப்பால, குடை புடிக்கிற விதத்தால. நான் நிகாபோட சந்தைக்குப் போனா, ஜெமீலாத்தா சூரை இரிக்கி என்டு மீன்காரன் கூப்பிடுவான். முகத்தை மறைச்சா மறைஞ்சிது என்டு வெளியூர் ஆள் நம்பலாம். துஷாந்தினியை நான் குத்தம் சொல்ல மாட்டன், கேட்டதை எல்லாம் அவ மறைச்சி தந்தா. முகம் மூடி நடந்தே வளந்த நாங்க ரெண்டு பேர், நாடியோட வெட்டினா காணும் என்டு நம்பினம் பாருங்க.

நோன்புக்குள்ள ஓடர் வந்திச்சி. பஸ்மினா நாலு புள்ளைகளை வெச்சி ராப்பகலாத் தைச்சாள். அறைக்கு அத்திவாரம் விழுந்து, சுவர் எழும்பி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கூரையும் போட்டாச்சி. கல்யாணத்துக்கு ஆறு கிழமை இருந்திச்சி.

அப்பதான் எங்கட சொந்தத்தில ஒரு வீட்டில புள்ளை பிறந்து நாப்பதாம் நாள் விருந்து வெச்சாங்க. பொம்புளைகள் பாய் விரிச்சி இருக்கம். எனக்குப் பக்கத்தில றாஹிலா, அவவுக்குப் பக்கத்தில அவட மகள், இஹ்ஸான்ட தங்கச்சி. நல்ல புள்ளை அது. ஃபோனை நீட்டி உம்மாக்கிட்ட காட்டுது.

"உம்மா, இந்தக் கைவேலையைப் பாருங்க. கொழும்புக் கடையில இரிக்கி. எங்கட மதினிக்கு நிக்காஹ்வுக்கு இதை எடுத்துக் குடுப்பமா?"

நானும் எட்டிப் பாத்தன். பச்சைக் கொடி, சந்தனத் துணி, அஸ்பியாட கை. கொழும்பு வரைக்கும் போன கை. அவளை நாலு வயசில இருந்து நான் பாக்கிறன். எனக்கு நெஞ்சு நிறைஞ்சி போச்சி. நான் யோசிக்கல்ல, அல்லாஹ் அறிய நான் யோசிக்கல்ல.

"விசர்ப் புள்ள, அது ஒங்கட மதினிதானே. பெருவிரலைப் பாரு" என்டன்.

அந்தப் புள்ளை ஃபோனை மடியில கவுத்து வெச்சிது. றாஹிலா அதை எடுத்துத் திருப்பிப் பாத்தா. விரலைப் பெருசாக்கியும் பாத்தா. ஓம், அவள்தான் என்டா. பொறகு கையில இருந்த வட்டிலப்பத்தை முழுசாத் திண்டு, வாயைத் துடைச்சி, எழும்பிப் போயிட்டா. நான் பாயிலேயே இருந்தன்.

ரெண்டாம் நாள் தரகரிட்டச் சொல்லி அனுப்பினா. கடையில தொங்குற பொண்ணு எங்களுக்கு வேணாம் என்டு. இஹ்ஸான் ஒரு சொல்லும் கதைக்கல்ல. தலை குனிஞ்சி நடக்கிறவன் என்டு முதல்லேயே சொன்னன்தானே.

றாஹிலா என்ட பேரைச் சொல்லல்ல. என்னில இரக்கப்பட்டு இல்ல, தானாக் கண்டுபுடிச்சன் என்டு சொன்னாத்தான் அவட வாய்க்குப் பெருமை. மகள் உம்மாவுக்குப் பயத்தில வாய் திறக்காது. ஊர் தன்ட பாட்டில கதை கட்டிட்டு. முகத்தோட படம் வெளிய வந்திட்டாம், ஸ்டூடியோக்காரி குடுத்திட்டாளாம் என்டு. கண் முன்னால அழிச்சிட்டு வேற எங்கேயோ ஒண்டு வெச்சிரிக்காள் என்டு பஸ்மினாவும் நம்பினாள். முகம் வெட்டின படத்தில வேற எப்படித் தெரியும் என்டு அவள் கேக்கிறதிலயும் ஞாயம் இரிக்கி. பாண்டிருப்புக்குப் போய்க் கேட்டில நிண்டு துஷாந்தினியைக் கேக்காத கேள்வி இல்ல. அதோட எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்த ஸ்டூடியோப் பக்கம் போறல்ல.

துஷாந்தினி என்னைத் தேடி வந்தா. "அக்கா, நீங்க வாசல்லேயே இருந்தீங்கதானே. நான் எல்லாத்தையும் அழிச்சதை உங்கட கண்ணால பாத்தீங்கதானே. அவவிட்ட ஒருக்காச் சொல்லுங்க" என்டா. அழவும் இல்ல, கோவப்படவும் இல்ல. ஓம் புள்ள, சொல்றன் என்டன். சொல்லல்ல. துஷாந்தினி குடுக்கல்ல என்டு சொன்னா, அப்ப ஆர் ராத்தா என்டு பஸ்மினா கேப்பாள். அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இரிக்கி, அதுதான் பயம்.

ரெண்டு அறையும் இப்ப முடிஞ்சிது. தரைக்கு மாபிளும் போட்டாச்சி. ஒண்டில துணி அடுக்கி இரிக்கி, மற்றதில ஆருமில்ல. பஸ்மினா அந்தியில என்ட வீட்டுக்கு வந்து குந்துவாள். எங்களுக்கு நீங்க மட்டும்தான் ராத்தா என்பாள். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். வேலிக்கு அங்கால பாட்டுக் கேக்கிறல்ல. கடையில தொங்கின கை என்டு அஸ்பியா இப்ப கறுப்புக் கையுறை போட்டிரிக்காள். கடைக்குப் போனாலும் போட்டிருப்பாள், வீட்டுக்குள்ளயும் போட்டிருப்பாள். கல் கோக்கக்குள்ள மட்டும் கழட்டுவாளாம்.

முந்தநாள் உச்சி வெயில்ல நான் கேட்டில நிக்கிறன். எதிர் வீட்டுக்குப் புதுசா வந்த ஸுஹைறா என்னோட கதைச்சிக்கிட்டு நிக்காள். சந்தியில இருந்து முகம் மூடிக் கையுறை போட்ட ஒருத்தி தனியா வாறாள். உயரமும் ஒல்லியும். எங்களைத் தாண்டிப் போகக்குள்ள நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள். கையுறைக்குள்ள பெருவிரல் மடங்கித்தான் இருந்திச்சி.

"ஆரு ராத்தா அது போற?" என்டு ஸுஹைறா கேட்டாள், போறவளுக்கும் கேக்கிற மாதிரி.

"தெரியா" என்டன்.