குற்றமற்றவருக்கு எழுத்துப் பரீட்சை

ரொட்டி வேன் ஓட்டுகிறவருக்கு பேக்கரிக்காரர்கள் வைத்த பெயர் உத்தமர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள், அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். "வண்டி எடுத்த நாள்லேர்ந்து எம்மேல ஒரு கேஸ் கிடையாது" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. பெண் கேட்கப் போன இடத்தில் மற்றவர்கள் படிப்பையும் சம்பளத்தையும் சொல்ல, இவர் இதைச் சொல்லித்தான் மாமனாரை மடக்கினார். மனைவி தையல் வேலை செய்கிறவள். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

உண்மை என்னவென்றால், ஊரில் அவரை நிறுத்தாத போலீஸ்காரர் கிடையாது. நிறுத்தியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்து, லைசென்ஸைப் பார்த்து என்னமோ எழுதிக்கொள்வார். உத்தமர் அங்கேயே கையில் உள்ளதைக் கொடுத்து, கூடவே ஒரு பாக்கெட் பன்னும் கொடுப்பார். அபராதம் கட்டியதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பன் மரியாதைக்கு. வீட்டில் மட்டும் மூச்சு விடமாட்டார்.

இந்த நிம்மதியில் மண் விழுந்தது வேனுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது. லைசென்ஸ் அலுவலகம் பழைய காகிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது உத்தமரை மட்டும் ஏற்ற மறந்துவிட்டது. கார்டு கையில் இருக்கிறது, அந்த நம்பருக்கு ஆள் இல்லை. முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேனை என் மச்சினன் ஓட்டட்டும்." மச்சினன் அன்றைக்கே வேனின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டான்.

மனைவியும் துணைக்கு வர, உத்தமர் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வழி இருக்கு. போக்குவரத்து போலீஸ்ல உங்க பேர்ல இருக்கிற அபராத விவரம் வாங்கிட்டு வாங்க. அதுல லைசென்ஸ் நம்பர் இருக்கும். அதை வச்சு பழையபடி ஏத்திடலாம், பரீட்சை வேண்டாம். அபராதமே இல்லன்னா புதுசா எழுத்துப் பரீட்சை."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "தப்பு பண்ணவனுக்குப் பரீட்சை கிடையாது, ஒழுங்கா ஓட்டினவரு பரீட்சை எழுதணுமா? இது என்னங்க நியாயம்?"

"தப்பு பண்ணவருக்கு ஆதாரம் இருக்கும்மா. ஒழுங்கா ஓட்டினதுக்கு என்ன ஆதாரம்?"

"இவரு மேல ஒண்ணுமே கிடையாதுங்க! நீங்க பரீட்சைக்கே எழுதிக்குங்க" என்றாள் மனைவி, கவுண்டரில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. உத்தமர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மென்று விழுங்கிவிட்டு, பரீட்சைக்குக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் படிப்பு தொடங்கியது. மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, துணிக்குப் பக்கத்தில் விரித்து வைத்த கேள்விப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொல்வார்.

"மஞ்சள் விளக்கு விழுந்தா?"

"சிவப்பு வர்றதுக்குள்ள அடிச்சுப் பிடிச்சுப் போயிடணும்."

மெஷின் நின்றது. "நிறுத்தத் தயாராகணும்னு போட்டிருக்கு. சரி, ஆஸ்பத்திரிகிட்ட?"

"ரெண்டு தடவை ஹாரன் அடிச்சா போதும்."

"குறுகலான பாலத்துல எதிர்ல வண்டி வருது?"

"லைட்டைப் போட்டுக் காட்டிட்டு நாம நுழைஞ்சிடணும். அவன் பின்னால போவான்."

"என்னங்க, விளையாடறீங்களா?"

"இந்தப் புத்தகத்தை எழுதினவன் ரொட்டி வேன் ஓட்டினதில்ல" என்று அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், ஓட்டும்போது ஒழுங்காகத்தான் ஓட்டுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கேஸே இல்லாத மனுஷனாயிற்றே!

பரீட்சை கம்ப்யூட்டரில்தான், கேள்விக்குக் கீழே வரும் பதில்களில் ஒன்றைத் தொட வேண்டும். முதல் பரீட்சையில் பாதிக் கேள்விகூடத் தேறவில்லை. இரண்டாவதில் பாதியைத் தொட்டார். கம்ப்யூட்டர் திரையில் 'தோல்வி' என்று பெரிதாக விழுந்ததை, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். மாதமும் முடியப்போகிறது. பேக்கரியில் மச்சினன் வேனுக்குப் புது சீட் உறை பார்த்து வைத்துவிட்டதாகக் கேள்வி.

அலுவலகப் படிக்கட்டில், துணைக்கு வந்திருந்த மனைவிக்குப் பக்கத்தில், உத்தமர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேன் போய்விட்டால் இந்த வயதில் அவரை யார் சேர்ப்பார்கள்? அடிமடியில் கை வைத்துவிட்டார்கள். இனி மானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"எம்மேல கேஸ் இருக்கு."

"எத்தனை?"

"எண்ணினதில்ல."

அவள் வெடித்தாள். "தைக்க வேண்டிய துணியெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு. தொண்டைத் தண்ணி வத்த உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். அங்க போய் ஒரு காகிதம் வாங்கினா முடிஞ்சிருக்கும். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, அந்தப் போலீஸ் ஆபீஸ் எங்க இருக்கு?"

அங்கே ஆவண அறையில் இருந்த ஏட்டு கையை நீட்டினார். "அடையாளத்துக்கு லைசென்ஸ் காட்டுங்க."

"இந்தக் கார்டு செல்லாதுன்னுதானே ஐயா வந்திருக்கேன்!"

"லைசென்ஸ் இல்லாம உங்களுக்கு எப்படி அபராதம் போட்டிருப்பாங்க?"

மனைவிதான் பையைக் குடைந்து, கரண்ட் பில்லையும் குடும்ப அட்டையையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். ஏட்டு பழைய கார்டு நம்பரைப் போட்டுத் தேடினார், பெயரைப் போட்டுத் தேடினார், வேன் நம்பரையும் போட்டுத் தேடினார். கடைசியில் ஒரு காகிதத்தை அச்செடுத்து, முத்திரை குத்தி, எழுந்து நின்று கொடுத்தார்.

"மேற்படி நபர் மீது எந்தக் காலத்திலும் எவ்வித அபராதமும் பதிவாகவில்லை" என்று இருந்தது.

"இத்தனை வருஷம் வண்டி ஓட்டி இப்படி ஒரு மனுஷனா! கையைக் கொடுங்க சார்" என்றார் ஏட்டு.

"நல்லாப் பாருங்கய்யா. இருக்கும். பாலத்துகிட்ட ஒரு மீசைக்காரர் எழுதினாரு. மார்க்கெட்டுகிட்ட கண்ணாடி போட்டவரு வாராவாரம் எழுதுவாரு. நான் கட்டியிருக்கேங்க!"

"ரசீது இருக்கா?"

ரசீதுக்கு அவர் எங்கே போவார்? பன்னுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? ஊரறியச் செய்த குற்றம் ஒன்றைக்கூட நிரூபிக்க முடியாமல் உத்தமர் வெளியே வந்தார். அரசாங்கமே முத்திரை குத்தி அவரை நல்லவராக்கிவிட்டது. பொய் சொன்ன காலத்தில் அவரை நம்பியிருந்த ஒரே ஜீவன், இப்போது உண்மை தெரிந்து பக்கத்தில் நடந்துவந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் சொன்னாள்.

"நாளைக்குப் பரீட்சையில ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. கேள்வி வந்ததும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு யோசிங்க."

"யோசிச்சு?"

"அதை மட்டும் தொடாதீங்க."

மறுநாள் அவர் அப்படியே செய்தார். கேள்வியைப் படித்து, கண்ணை மூடி, சாலையில் தன்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, அந்தப் பதிலை விட்டுவிட்டு, மிச்சத்தில் தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பதில் எதுவோ அதைத் தொட்டார். இருபதுக்குப் பத்தொன்பது வந்தது. பெட்ரோல் போடும்போது என்ஜினை அணைக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் தப்பாகிவிட்டது. அதை அவர் எப்போதுமே ஒழுங்காகச் செய்கிறவர்.

பழைய டிரைவர், அதிலும் போலீஸே நற்சான்று கொடுத்தவர் என்பதால் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. அன்றைக்கே புதுக் கார்டு கைக்கு வந்தது. கவுண்டர் அம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அங்கிருந்து நேராகப் பேக்கரிக்கு. முதலாளி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மச்சினனிடமிருந்து சாவியை வாங்கிக் கொடுத்தார். உத்தமருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேனை வெளியே எடுத்து, வாசலில் நின்ற மனைவிக்காக முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறு. உன்னை வீட்டுல விட்டுட்டு லோடுக்குப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் கதவில் தலை சாய்த்துத் தூங்கிப் போகிறவள் அவள். இன்று வேனைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"அந்தக் கார்டு கொடுத்தவங்களை ஏத்திக்கிட்டுப் போங்க. நான் பஸ்ஸுல வரேன்."

தையல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். கடக்கும்போது வேன் நிற்கிற பக்கத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.