கிணறு அளக்க இருபது கயிறு

ஜனங்களை விஞ்ஞானி ஆக்குவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால், பெண் கொடுக்க வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். 1991-இல் சென்னையில் ஓர் அறிவியல் சங்கம் ஒரு சைக்கிள், இருபது கயிறு, இருபது நோட்டு கொடுத்து என்னைச் சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. அங்கே புதிதாக வந்த கம்பெனி மூன்று போர்வெல் போட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஊர்க் கிணறுகள் இறங்குகின்றன என்று புகார். நிரூபிக்க அளவு வேண்டும். அதை ஊர்க்காரர்களே அளக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. பாலிசி பிடிக்கப் போனவர்கள், சென்சஸுக்கு அலைந்த வாத்தியார்கள், சோப்புத்தூள் விற்கப் படியேறியவர்கள் எல்லோரும் என் ஜாதி. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

அறிவு கிடைக்கும்

சென்சஸ் எடுத்து முடித்த கையோடு நான் போய் நின்றேன். "அதான் அன்னிக்கே எல்லாத்தியும் எழுதிக்கினு பூட்டாங்களே" என்றார் முதல் வீட்டுக்காரர். இது வேறு என்று அரைமணி நேரம் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அளந்தா இன்னா குடுப்பீங்க?" என்றார். பணம் கிடையாது, அறிவு கிடைக்கும் என்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகனை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அது எங்கூட்ல ஏற்கெனவே எம்.ஏ. வரைக்கும் கீது சார், வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னுதான் தெரில."

முடிச்சுக் கயிறு

எப்படியோ இருபது வீடு பிடித்துவிட்டேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஓர் இரும்புக் குண்டு. கிணற்று விளிம்பிலிருந்து இறக்கி, குண்டு தண்ணீரைத் தொடும்வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி வாரம் ஒரு முறை நோட்டில் எழுத வேண்டும். முடிச்சு கூடினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் விஞ்ஞானம். வெள்ளிக்கிழமைதான் பெண்கள் கிணற்றடியைக் கழுவிக் கோலம் போடுவார்கள், கையோடு அளந்துவிடலாம் என்று நாளையும் நானே குறித்தேன். அந்த யோசனைக்காக என் முதுகை நானே தட்டிக்கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், மாணிக்கம் என்பவர் வீட்டில் என் கயிற்றில் புடவை காய்கிறது. மருந்துக்குக்கூட ஒரு முடிச்சு இல்லை. மாணிக்கம் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான் சார், கயிறு பூரா சிக்கு, நான்தான் ஒக்காந்து ஒண்ணொண்ணா அவுத்து சரி பண்ணேன்."

ரோசம்மாவின் நிபந்தனை

ரோசம்மாவின் வீடு தெருக்கோடியில், மாதா கோயிலை ஒட்டி. அவர் கிணற்றில்தான் அந்தத் தெருவே குடிக்கத் தண்ணீர் எடுக்கும். அவர் கணவரோ அந்தக் கம்பெனியிலேயே வாட்ச்மேன். "எல்லாரும் எழுதுனா நானும் எழுதறேன் தம்பி. நான் ஒருத்தி மட்டும் மாட்டிக்கினா அவருக்கு வேலை பூடும்" என்றார். கூட்டத்தோடு கூட்டம், இருபது நோட்டில் உங்கள் நோட்டை யார் தனியாகப் பார்க்கப் போகிறார்கள் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

பிறகு எல்லா வீட்டிலும் சொன்ன எச்சரிக்கையை அங்கேயும் சொன்னேன்: பக்கத்து வீட்டு நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது. அது ரோசம்மாவுக்குப் பிடித்துப்போனது.

"பரீட்சை மாதிரின்னு சொல்லு, அஞ்சாவது வரைக்கும் படிச்சேன், ஒருத்தரையும் பாத்து எழுதனதில்ல."

எட்டிப் பார்த்த குற்றம்

அந்தக் கோடையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புது ஆள் என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்த்தது. அதைப்பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் டீக்குச் சைக்கிளை நிறுத்தியவன், பழக்கதோஷத்தில் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் எட்டிப் பார்த்து நோட்டில் குறித்தேன். கான்ஸ்டபிள் ஒருவர் தோளில் கை வைத்தார். மக்கள் அறிவியல், பங்கேற்பு, நீர்மட்டம் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் கொட்டினேன். டீ ஆறும்வரை கேட்டார்.

"கிணத்துல எட்டிப் பாத்துட்டு நோட்ல எழுதறவன, நான் இன்னா கேஸ்னு எழுதறது? ஓடிப் பூடு."

இருபது நோட்டு

மாதங்கள் ஓடின. தலைமை அலுவலகத்திலிருந்து தவறாமல் கடிதம் வரும்: எத்தனை பேர் எழுதுகிறார்கள்? இருபது என்று பதில் போடுவேன். பாராட்டிக் கடிதம் வரும். என்ன எழுதுகிறார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் எல்லா நோட்டுக்கும் பழுப்பு அட்டை போட்டு, ஊர்க்காரர்கள் கையெழுத்திட்ட மனுவோடு ஓர் அரசு அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் அடுக்கினேன். கல்யாணச் சீர் வைப்பதுபோல வைத்தேன்.

அவர் நிதானமான மனிதர். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தொன்பது நோட்டில் முதல் வாரம் எழுதிய எண்ணே கடைசி வாரம் வரை இருந்தது. ரோசம்மாவின் நோட்டில் மட்டும் வாரா வாரம் முடிச்சு ஏறியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை பேர் கிணத்துல குறையாத தண்ணி இந்த ஒரு அம்மா கிணத்துல குறையுதுன்னா, வாளி போடறதைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க சார்."

வெள்ளிக்கிழமை

சைக்கிளை மிதித்து நேரே மாணிக்கத்தின் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் புதுக் கயிறு கொடுத்திருந்தேன். அளந்தது அவர் மனைவி. உங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்கவே இல்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "இறங்கலியாவா? அடியில சேறுதான் கீது" என்றார். பின் ஏன் பழைய எண்ணையே எழுதினீர்கள்? மற்ற வீடுகளிலும் கேட்டேன். எல்லா வீட்டிலும் இந்த அம்மா சொன்ன பதில்தான்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா தல முழுவி, கிணத்துக்கு மஞ்ச குங்குமம் வெச்சிட்டு, அந்தக் கையாலயே எங்கூட்ல தண்ணி கொறஞ்சி பூச்சின்னு எழுதுவாங்களா? வெவரம் தெரிஞ்சவனா இருந்தா வியாழக்கிழமை வெச்சிருப்பான்."

பார்த்து எழுதாதவர்

மனுவையும் நோட்டுகளையும் விளக்கம் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அதுதான் நடைமுறையாம். அட்டையில் பெயரை நான்தான் அழகாக எழுதியிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை ரோசம்மாவின் கணவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் போனேன். கிணற்றைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. வாளி மேலே வரும்போது பாதி கலங்கல். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோசம்மா உள்ளே போய், தேதி கிழித்த காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டுதான் என்னிடம் போய்விட்டதே, அதனால் அந்த வாரத்து அளவை அதன் பின்னால் எழுதி வைத்திருந்தார்: முப்பத்தொன்று.

"பாத்து எழுதக் கூடாதுன்னு நீ சொன்ன, நான் பாக்கல, பாத்திருந்தா எங்கூட்டுக்காரரு இன்னிக்கு டூட்டியில இருந்திருப்பாரு தம்பி."

அந்த வருஷ அறிக்கையில் 'பங்கேற்ற பொதுமக்கள்: இருபது பேர்' என்று அச்சடித்தார்கள், அதில் விஞ்ஞானி ஒருத்தி, புத்திசாலிகள் பத்தொன்பது பேர், கணக்கில் சேராத முட்டாள் நான்.