தண்ணீருக்குப் பதிலாக

பினாங்கில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்து மருந்துக்கடையில், குழந்தைச் சாமான்கள் அடுக்கிய தட்டின் முன்னால் நின்று, வெட் டிஷ்யூ பொட்டலங்களை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு அது என்னவென்று விளங்காது. ஈரமாக்கிய மெல்லிய தாள். உடம்பைத் துடைத்துவிட்டு எறிந்துவிடுவது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றி வளர்ந்த எனக்குத் தாளால் துடைப்பது சுத்தமாகவே படுவதில்லை. கல்லாவிலிருந்த சீனப் பெண் எழுந்து வந்து, "ஆன்ட்டி, பேபி பெராப்பா புலான்?" என்றாள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் "பேபி தா அடா" என்றேன், குழந்தை இல்லை என்ற அர்த்தத்தில். அவள் இன்னும் பிறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். என் வயிற்றை ஒரு முறை பார்த்துச் சிரித்து, "நந்தி அடா லா" என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். வந்துவிடுமாம். நாற்பத்தைந்தைத் தாண்டிய நான் தலையாட்டிவிட்டு, மணமில்லாத பொட்டலம் இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அது என் கணவருக்கு. பினாங்கிலேயே பிறந்தவர், அவருடைய தகப்பன்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எழுபதுகளில் அங்கே கோப்பாயில் என்னைக் கட்டி இங்கே அழைத்து வந்தார். துறைமுக அலுவலகத்தில் கிளார்க். சட்டையைத் தானே ஸ்திரி போட்டுத்தான் உடுப்பார். கதவைச் சாத்தித்தான் உடுப்பு மாற்றுவார், இத்தனை வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகும். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் கோணி, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. எங்கள் பிளாட்டின் குளியலறை ஓராள் நிற்கவே இடம் போதாதது, வாசலில் உயரமான கட்டு வேறு. இரண்டு முறை தூக்கிக்கொண்டு போக முயன்று இருவருமாக விழப் பார்த்தோம். தனியாகத் தூக்க வேண்டாம், படுக்கையிலேயே துடைத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் வெட் டிஷ்யூ வாங்கி வந்தவள் அவருடைய தங்கை, என் மச்சாள் புஷ்பம். "நல்ல வாசம் அண்ணி, எலுமிச்சம்பழ வாசம் லா" என்று ஆசையாகத்தான் கொடுத்தாள். படுத்துப் படுத்து இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்த இடத்தில் அதை வைத்தபோது அவர் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். பொட்டலத்தைத் திருப்பிப் படித்த மச்சாள், "ஐயோ, இது கைக்கு மட்டுந்தான் அண்ணி, ஸ்பிரிட் கலந்திருக்கு" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு எது எதற்கு என்று நானே கண்டுபிடித்தேன். ஸ்பிரிட் கலந்தது, சோறு ஊட்டுவதற்கு முன் என் கைக்கு. குழந்தைப் படம் போட்ட வாசனைத் தாள் நல்லதென்று நினைத்தேன். அதுவும் இரண்டு நாளில் தோலைச் சிவப்பாக்கியது. மணமில்லாத, கொஞ்சம் தடித்த தாள்தான் கீழ்ப்பக்கத்துக்கு ஏற்றது. துடைத்ததும் பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், தேய்க்கக்கூடாது. முகத்துக்கு மட்டும் தாளே வேண்டாமென்று என் பழைய நூல் சேலையைக் கிழித்து வெந்நீரில் நனைத்தேன். எந்தப் புதுப் பொட்டலத்தையும் முதலில் என் முழங்கை மடிப்பில் தடவி, எரிகிறதா என்று பார்ப்பேன்.

நான் துடைக்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் கண்ணீர் காதுக்குள் இறங்குவதைக் கண்டேன்.

"இஞ்சருங்கோ, என்னத்துக்கு அழுறியள்? நோகுதோ?"

"வெக்கமா... இருக்கு."

"என்னட்டை என்ன வெக்கம்? நீங்கள் எனக்குப் பிள்ளை மாதிரித்தானே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. பிள்ளை பிறக்காத எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் அது. அவர் மெல்லத் திரும்பி, நல்ல கையால் என் தலையைத் தொட்டார். "பாவம் நீ" என்றார். அன்று நான் துடைத்து முடிக்கும்வரை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

கடைசி வாரத்தில் "தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளாஸை நீட்டினால் தலையாட்டி மறுப்பார். பிறகு இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்டினார். குளிக்க வேண்டுமாம். "ஞாயிற்றுக்கிழமை மச்சாளின்ரை மனுசன் வருவார். ரெண்டு பேருமாத் தூக்கிக் குளிக்க வார்க்கிறம்" என்றேன். சிறு பிள்ளையைப்போலச் சிரித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கையில் மூச்சு நின்றுவிட்டது.

பிளாட்டின் கீழே, மோட்டார் சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு, பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் வைத்து, அரப்பு வைத்து, வாளி வாளியாக ஊற்றினார்கள். எத்தனை மாதமாகத் தாளால் ஒற்றி ஒற்றி எடுத்த உடம்பு. நல்ல தண்ணீர் அப்படியே தோளிலிருந்து வழிந்து சாக்கடைக்குள் ஓடியது. முகத்தில் விழும்போது கண்ணைச் சுருக்குகிறாரா என்று பார்த்தபடியே நின்றேன். புஷ்பம் என்னைப் பிடித்து அப்பால் கூட்டிப்போனாள்.

தகனம் முடிந்த மறுநாள் சாம்பலைக் கரைக்க ஒரு மலாய்க்காரரின் படகில் போனோம். சட்டியை நீரில் விட்ட பிறகு, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, படகுக்காரர் என்னிடம் "காம்போங் மானா, காக்?" என்றார். ஊர் எது என்று கேட்கிறார். "ஆயர் ஈத்தாம்" என்று எனக்காகப் புஷ்பம் சொன்னாள். அவர் சிரித்து, அது வீடு, பிறந்த ஊரைக் கேட்டேன் என்று மலாயில் சொன்னார். மேற்கே கடலைக் காட்டக் கையைத் தூக்கினேன். அங்கே சண்டை; தம்பி குடும்பம் எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடக்கிறதோ தெரியாது. காட்டிய திசை சரிதானா என்பதும் தெரியவில்லை. "அண்ணி, வீட்டுக்குப் போலாம்" என்றாள் புஷ்பம். படகு திரும்பியது. கரையைப் பார்த்து உட்கார்ந்தால் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும். கடலைப் பார்த்தால் கரைக்கு. படகின் குறுக்குப் பலகையில் பக்கவாட்டாகவே உட்கார்ந்து வந்து சேர்ந்தேன்.