நல்லகண்ணு குடித்த கிணறு

என் அண்ணன் நல்லகண்ணுவுக்கு நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கிணற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அண்ணனைப் பற்றி அப்புறம்தான். அதனால் நானும் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே எங்கள் அப்பா வெட்டிய கிணறு அது. எங்கள் வீட்டையும் சேர்த்து அங்கே இருந்த ஏழு வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதுதான், மாடுகளுக்கும் அதுதான்.

1973-ல், தேனியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் எங்கள் தோட்டத்துக்கு மேல்புறம் கொட்டகை போட்டுப் பொத்தான் செய்ய ஆரம்பித்தார். கோடையில் ஊர்ப் பாலை எடுக்கிற வண்டி வருவதற்குள் கேன் கேனாகப் பால் திரிந்துபோகும். அதுவரை அதைச் சாக்கடையில் கொட்டுவார்கள், நாற்றம் தாங்காது. அந்தப் பாலை வாங்கிச் சூடாக்கி, அமிலம் விட்டு, கட்டியைப் பிழிந்து, தகடாக அழுத்தி, மருந்துத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் கல் மாதிரி ஆகிவிடும். அதில் வெட்டியதுதான் பொத்தான். பார்த்தால் பிளாஸ்டிக் என்றே சொல்லுவோம்.

அண்ணன் அங்கே தொட்டி வேலை பார்த்தார். அந்தப் பொத்தான்மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பத்துப் பொத்தான்களை எங்கள் முருங்கை மரத்தடியில் புதைத்துவைத்து, இரண்டு மழைக்காலம் கழித்துப் பாதியைத் தோண்டினார். உதிரி உதிரியாக வந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குருசாமியின் டீக்கடைக்குப் போனார்.

"பாருங்கப்பா, நைலான் பட்டன்னா நம்ம பேரன் காலத்துக்கும் அப்படியே கெடக்கும். இது மண்ணாப் போயிருச்சு."

"அப்ப மழையில நனைஞ்சா சட்டை தானாத் தொறந்துக்கிரும்னு சொல்லு," என்றார் குருசாமி. கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

பிழிந்த பால்தண்ணீரைப் பெண்கள் குடத்தில் பிடித்துப்போய் மாட்டுக்குக் கழுநீரோடு கலந்து வைத்தார்கள். மிச்சம் ஓடைக்குப் போக, எங்கள் கிணற்றை ஒட்டி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, ஏழு வீட்டையும் சம்மதிக்க வைத்தது அண்ணன்தான். "பால் தண்ணிதானே, அதுல என்ன வந்துரப் போகுது?" பால் என்று சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

வியாபாரம் பெருகியது. தொட்டியில் ஊறிய பழைய மருந்துத் தண்ணீரையும் அதே வாய்க்காலில் திறந்துவிடச் சொன்னார்கள். நான் அப்போது மதுரையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அண்ணன் மருந்து கேனைக் காட்டிக் கேட்டார்.

"தம்பி, இது கண்ணைக் கரிக்குது. கெடுதலா?"

பார்மலின் என்று போட்டிருந்தது. கல்லூரியில் தவளையைப் போட்டுவைத்த பாட்டிலில் பார்த்திருக்கிறேன்.

"பொணம் அழுகாம இருக்க ஊத்துறது. தண்ணியில கலந்து ஓடிப்போனா ஒண்ணும் செய்யாதுண்ணே," என்றேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

1979 கோடையில் ஓடை வறண்டு, வாய்க்கால் தண்ணீர் ஓடாமல் கிணற்றோரம் தேங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மாயக்காளின் சினைப்பசு கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. ஏழு வீட்டாரும் கிணற்றடியில் கூடினார்கள். கொட்டகை மேனேஜர் வந்து, எல்லாம் வீண் புரளி என்றார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

"அண்ணே, அங்கன வேலை பாக்குறது நீங்க," என்றாள் மாயக்காள். "நீங்க சொன்னா நாங்க குடிக்கிறோம்."

முந்தின வாரம்தான் அண்ணன் தன் கையால் இரண்டு தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு வாளி இறைத்து, இரண்டு கையாலும் அள்ளி, எல்லோரும் பார்க்கக் குடித்தார். அவரவர் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். மாயக்காள் பசுவுக்கும் அதையே கழுநீரில் கலந்து வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாயக்காளின் பசு செத்தது, வயிற்றுக் கன்றோடு. அதற்கடுத்துப் பிள்ளைகளுக்கு வாய் வெந்து புண்ணானது. மற்ற ஆறு வீடுகளும் அரை மைல் தள்ளிப் பெரியாற்று வாய்க்காலுக்குக் குடம் தூக்க ஆரம்பித்தன. எங்கள் வீட்டோடு மாயக்காள் பேச்சை நிறுத்தினாள்.

அண்ணன் வேலையை விட்டார். மண்வெட்டியோடு போய்த் தனியாளாக அந்த வாய்க்காலை மூடினார். இரண்டு வருடத்தில் கொட்டகையும் மூடிக்கொண்டது, மலிவான பிளாஸ்டிக் பொத்தான் வந்துவிட்டதால். ஆனால் அண்ணன் குடித்தது அந்தக் கிணற்றைத்தான். சண்முகத்தாய் மதினி பெரியாற்று வாய்க்காலில் எடுத்துவந்து வைத்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிடுவார்.

"ஊரையே குடிக்க வச்சவன் நான். நான் மட்டும் தப்பிச்சுப் போகவா?"

நான்கு வருடம் அப்படியே குடித்தார். என்னிடம் அந்தக் கேனைப் பற்றி மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசியில் ரத்த வாந்தி. தேனியில் டாக்டர், "என்ன குடிப்பாரு?" என்று கேட்டார். "தண்ணிதானய்யா," என்றார் மதினி. டாக்டர் நம்பவில்லை. சாராயம் என்று எழுதிக்கொண்டார்.

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனோம். அவருடைய வாளி மட்டும் கயிற்றோடு அங்கே கிடந்தது. நான் குனிந்து அதை எடுத்தபோது மாயக்காள் வந்தாள். இடுப்பில் பெரியாற்று வாய்க்கால் தண்ணீர்க் குடம், அரை மைல் நடந்த மூச்சு இரைப்பு.

"அதை ஊத்தாதீக. அவரு குடிச்சது போதும்."

"நீர்மாலை சொந்தக் கெணத்துலதான் எடுக்கணும் ஆத்தா," என்றார் பெரியவர் முத்துக்கருப்பன்.

"யாருக்குச் சொந்தம் அது இப்ப?" என்று கேட்டுவிட்டு, குடத்தை என் காலடியில் இறக்கி வைத்தாள். அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம்.

நேற்று எல்லோரும் போனபின் முருங்கையடியைக் கிளறிப் பார்த்தேன். அவர் தோண்டாமல் விட்ட பொத்தான்களில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் அதில் பொய் சொல்லவில்லை.

மதினி வாளியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கயிற்றோடு கிணற்றில் போட்டேன்.